தளை இல்லாத நிலம்

பொது நிலத்தின் கதை – 14

ஹாவர்ட் ஸானைசரின் கோட்டுக்கு உள்பக்கம் பெரிய பெரிய பைகள் இருந்தன. தையல்காரரிடம் சொல்லி வைத்துத் தைத்தவை. ஒன்றில் மசோதாவின் பிரதிகள், இன்னொன்றில் சங்கத்தில் சேருவதற்கான படிவங்கள், மிச்சத்தில் தோரோ, தாந்தே, பிளேக். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தாழ்வாரத்தில் யாராவது ஓர் உறுப்பினர் இரண்டு நிமிடம் நின்று பேசினால் போதும், கோட்டுக்குள்ளிருந்து அன்றைய வரைவு வெளியே வந்துவிடும். கண்ணாடி போட்ட, புத்தகப் பித்துப் பிடித்த, ஒரு போதகரின் மகன். எட்டு ஆண்டுகள் இந்தப் பைகளைச் சுமந்துகொண்டு அலைந்தார்.

சென்ற இதழில் அவரை எக்கோ பார்க்கில் விட்டுவிட்டு வந்தோம். கிரீன் ஆறும் யாம்பா ஆறும் கூடுகிற அந்தப் பள்ளத்தாக்கில் அணை வரக்கூடாது என்று அவரும் சியரா கிளப்பின் டேவிட் பிரவரும் மல்லுக்கு நின்றதையும், 1956 ஏப்ரலில் அந்த அணை இல்லாமலே சட்டம் நிறைவேறியதையும், அதற்குப் பதிலாக ஆற்றின் கீழே கிளென் கேன்யன் பலியானதையும் பார்த்தோம். இப்படி ஒரு சண்டைக்குப் பிறகு எவரும் ஒரு வருடமாவது ஓய்வெடுப்பார்கள். ஸானைசர் அதே வசந்தத்தில் அந்த மசோதாவை எழுதப் பேப்பரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். ஒரு பள்ளத்தாக்கைக் காப்பாற்ற ஆறு வருடம் ஆகிறதென்றால், அணை கட்டுகிறவர்களும் சாலை போடுகிறவர்களும் அடுத்தடுத்து வரிசையில் நிற்கும்போது ஆயுசு போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய பயம் என்ன என்று புரிய, நியூ மெக்ஸிகோ வரை ஒரு நடை போய்வர வேண்டும்.

1924 ஜூன் 3. கிலா ஆற்றின் தலைப்பகுதியில் சுமார் 7,55,000 ஏக்கர் தேசியக் காட்டைச் சாலை போடாமல், கட்டடம் எழுப்பாமல் அப்படியே விடுவது என்று வனத்துறை முடிவு செய்தது. யோசனை ஆல்டோ லியோபோல்ட் என்ற வன அதிகாரியுடையது. இரண்டு வருடம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். உலகிலேயே முதலாவது என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. ‘உலகிலேயே முதல்’ என்று யார் சொன்னாலும் நான் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்பது வழக்கம். நியூயார்க் மாநிலம் 1894-லேயே, அடிரான்டாக் மலையிலுள்ள அரசுக் காடுகள் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று தன் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டது. ஸானைசருக்கு அந்த மலையில் ஒரு சின்னக் குடில் இருந்தது என்பதையும், கோடை தோறும் குடும்பத்தோடு அங்கே போய்வந்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிலாவுக்குக் காவலாக இருந்தது ஒரு வன அதிகாரியின் கையெழுத்து. அவ்வளவுதான். மான் பெருகட்டும் என்று ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் சுட்டுத் தள்ளிய காலம் அது. லியோபோல்டே அதில் முனைப்பாக இருந்தவர்தான். பின்னால்தான் மனம் மாறினார். மான் பெருகியது. அளவு கடந்து பெருகி, எட்டுகிற உயரத்திலிருந்த துளிரையெல்லாம் மேய்ந்து தீர்த்தது. வேட்டைக்காரர்களை உள்ளே விட்டால் குறையும் என்று நினைத்த வனத்துறை, அவர்கள் வண்டியிலேயே வந்துபோக வசதியாக 1930-களின் தொடக்கத்தில் காட்டின் நடுவே நார்த் ஸ்டார் சாலையைப் போட்டது. கிலா இரண்டு துண்டானது. சாலை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட அதே துறைதான் சாலையும் போட்டது. யாரும் சட்டத்தை மீறவில்லை. மீறுவதற்கு ஒரு சட்டம் இருந்தால்தானே?

அந்தக் காலத்தில் அமெரிக்காவே சாலை போட்டுக்கொண்டிருந்தது. வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்க இளைஞர்களை மலை மலையாக அனுப்பிப் பாதை வெட்டச் சொன்னார்கள். 1934 அக்டோபரில் டென்னஸி மாநிலத்தின் நாக்ஸ்வில் பக்கத்தில் ஒரு கார் ஓரங்கட்டி நின்றது. உள்ளே இருந்தவர்கள் தாங்கள் தொடங்கவிருந்த சங்கத்தின் கொள்கையைப் பற்றி வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வந்தார்கள். வாதம் முடியாமல் போகவே இறங்கி மேட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். காட்டுக்குள் சாலை கூடாது என்று சொல்கிற வில்டர்னஸ் சொசைட்டி, ஸானைசர் கோட்டுப்பையில் படிவம் சுமந்த அதே சங்கம், கருக்கொண்டது ஒரு சாலையோரத்தில்.

அந்தக் கூட்டத்தில் பாப் மார்ஷல் இருந்தார். ஒரே நாளில் 30 மைல் நடப்பது அவருக்கு உலா. வனத்துறையில் பெரிய பொறுப்புக்கு வந்து, 1939-ல் விதிகளை இறுக்கினார்: ஒரு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட ஒதுக்குக் காடுகளில் சாலையும் கிடையாது, மரவெட்டும் கிடையாது. அதே வருடம் நவம்பரில் வாஷிங்டனிலிருந்து நியூயார்க் போகிற ரயிலில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 38. அவருடைய விதிகள் கோப்பில் இருந்தன. ஆனால் விதி விதிதான். வேளாண் அமைச்சர் நினைத்தால் மாற்றலாம். 1957-ல் ஆரிகன் மாநிலத்தின் த்ரீ சிஸ்டர்ஸ் காட்டிலிருந்து பிரெஞ்ச் பீட் ஓடையின் பள்ளத்தாக்கு உள்பட 53,000 ஏக்கரை மரவெட்டுக்காகக் கழற்றிக் கொடுத்தார்கள். அங்கே நல்ல மரம் இருந்தது, கழற்றினார்கள். மரம் இல்லாத பாறையும் பனியும் மட்டும் ‘என்றென்றும்’ பாதுகாப்பில் இருந்தன.

இந்தக் கையெழுத்து விளையாட்டை நிறுத்தத்தான் ஸானைசர் சட்டம் கேட்டார். 1956 ஜூன் 7-ல் மேலவையில் மின்னசோட்டாவின் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி மசோதாவைக் கொண்டுவந்தார். கீழவையில் பென்சில்வேனியாவின் ஜான் சேலர். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. அப்போது இதெல்லாம் நடக்கும். எதிர்த்தவர்கள் யார் யார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்: மரக் கம்பெனி, சுரங்கம், எண்ணெய், மந்தை வைத்திருப்பவர்கள். வியப்பு என்னவென்றால், வனத்துறையும் தேசியப் பூங்காத் துறையும் அதே வரிசையில் போய் நின்றன. காட்டைத்தான் நாங்கள் பார்த்துக்கொள்கிறோமே, நடுவில் சட்டம் எதற்கு என்பது அவர்கள் மனத்தாங்கல். அதிகாரத்தை விட்டுக்கொடுக்க எந்த அலுவலகத்துக்குத்தான் மனம் வரும்?

அறுபதுக்கும் மேற்பட்ட வரைவுகள், 18 விசாரணைகள். விசாரணை என்றால் வாஷிங்டனில் மட்டும் இல்லை. மேற்கு மாநிலங்களின் ஊர்களுக்கும் குழு போய் உட்கார்ந்து சாட்சியம் கேட்டது. எல்லா இடத்துக்கும் ஸானைசரும் போனார், எதிர்ப்பவர்களின் ஆட்சேபங்களைக் குறித்துக்கொண்டு வந்து அடுத்த வரைவில் சேர்த்தார். பத்தி பத்தியாக விட்டுக்கொடுத்தார். ஒரே ஒரு சொல்லை மட்டும் விடவில்லை.

சட்டத்தின் முகப்பில் காடு, அதாவது வில்டர்னஸ், என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், மண்ணும் அதன் உயிர்க்கூட்டமும் மனிதனால் ‘அன்ட்ராமெல்டு’ ஆக இருக்கிற இடம் என்று எழுதியிருந்தார். வாஷிங்டன் மாநிலத்துக்காரரான பாலி டையர் ஒலிம்பிக் கடற்கரையைப் பற்றிப் பேசும்போது சொன்ன சொல் அது, கேட்டதும் பிடித்துக்கொண்டார். நண்பர்களே வேண்டாம் என்றார்கள். யாருக்கும் தெரியாத சொல், பாதிப் பேர் ‘அன்ட்ராம்பிள்டு’ என்று வாசிப்பார்கள், அதாவது மிதிபடாத என்று. அவர்கள் சொன்னது சரிதான். இன்றும் அப்படி வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ட்ராமல் என்பது மீனையும் பறவையையும் பிடிக்கிற வலை. ஓடாமல் இருக்கக் குதிரையின் காலில் போடுகிற கட்டு. நம்மிடம் அதற்கு நேரான சொல் இருக்கிறது: தளை. மாட்டுக்கும் தளை, கைதிக்கும் தளை, பனையேறியின் காலில் மாட்டுகிற நாருக்கும் தளை, வெண்பா எழுதுகிறவருக்கும் தளை. ஆங்கிலத்தில் ஸானைசர் பத்துப் பேருக்கு விளக்க வேண்டியிருந்ததை நாம் ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகலாம்.

மிதிபடாத நிலம் என்று எழுதியிருந்தால் சட்டம் அன்றே பாதி செத்திருக்கும். மனிதக் கால் படாத நிலம் அமெரிக்காவில் எங்கே இருக்கிறது? தளை வேறு. நேற்றுப் போட்டிருந்தாலும் இன்று கழற்றிவிடலாம். கிழக்கு மாநிலங்களின் காடுகள் ஒரு காலத்தில் மொட்டையாக வெட்டப்பட்டு மறுபடி முளைத்தவை, இவையெல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1970-களில் வனத்துறை வாதாடியது. 1975 ஜனவரியில் நாடாளுமன்றம் கிழக்கே 16 இடங்களை, ஏறக்குறைய 2,07,000 ஏக்கரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து அந்த வாதத்தை முடித்துவைத்தது. ஒரு பழைய மரவெட்டுத் தடம் புதர் மூடிக் கிடந்தால் அது தளை கழன்ற நிலம்.

அதே வாக்கியத்தில் இன்னொரு சொல் இருக்கிறது, அதில் எனக்கு ஸானைசரோடு உடன்பாடு இல்லை. மனிதன் அங்கே வந்துபோகிறவன், தங்குகிறவன் இல்லை என்கிறது சட்டம். எந்த மனிதன்? கிலா ஆற்றின் தலைப்பகுதியில் பிறந்ததாகத் தன் கதையில் சொன்னவர் ஜெரோனிமோ. அப்பாச்சிகள் அங்கே வந்துபோனவர்கள் இல்லை, வாழ்ந்தவர்கள். 1886-ல் அவர்கள் சரணடைந்ததும் பெண்கள், குழந்தைகள் உள்பட சிரிகாவா அப்பாச்சிகளை ரயிலில் ஏற்றி ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோய், 27 ஆண்டுகள் போர்க்கைதிகளாகவே வைத்திருந்தார்கள். லியோபோல்ட் பார்த்த கிலா ஆளில்லாத காடாக இருந்ததற்குக் காரணம் இயற்கை இல்லை. நல்ல மனிதர்கள் எழுதிய நல்ல வாக்கியத்திலும் இப்படி ஒரு ஓட்டை. அதைப் பழங்குடிகளே தங்கள் வழியில் அடைத்தார்கள்: மொன்டானாவில் சேலிஷ், கூட்டனை மக்கள் 1982-ல் தங்கள் நிலத்தின் மிஷன் மலைகளைத் தாங்களே சட்டம் போட்டுக் காடாக ஒதுக்கினார்கள். அந்தக் கதைக்குப் பின்னால் தனியாக வர வேண்டும்.

இப்போது மசோதாவின் தொண்டையில் சிக்கிய முள்ளுக்கு வருவோம். மேலவை 1961 செப்டம்பரில் 78-க்கு 8 என்று மசோதாவை நிறைவேற்றியது. அங்கே குழுத் தலைவராக இருந்த நியூ மெக்ஸிகோவின் கிளின்டன் ஆண்டர்சன் இளைஞராக ஆல்புகர்க்கியில் இருந்தபோது லியோபோல்டோடு பழகியவர். அந்தப் பழக்கம் வீண்போகவில்லை. கீழவையில் குழுத் தலைவர் வெய்ன் ஆஸ்பினால். கொலராடோவின் மேற்குச் சரிவுக்காரர், பீச் பழத்தோட்ட ஊரான பாலிசேடிலிருந்து வந்தவர், ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர். அவர் குழுவில் கோப்புகள் அவர் சொன்ன வேகத்தில்தான் நகரும். மேற்கே நிலம் என்றால் தண்ணீர், தாது, மேய்ச்சல். அதைப் பூட்டி வைத்து யாரோ நகரத்துக்காரர் முதுகுப்பையோடு நடப்பதற்கு விடுவதா என்பது அவர் கட்சி. அவரை வில்லனாக எழுதுவது எளிது, பலர் எழுதியிருக்கிறார்கள். தனக்கு வாக்களித்தவர்களின் பிழைப்பு எதில் இருக்கிறது என்று அறிந்து பேசியவர் என்றே எனக்குப் படுகிறது. மூன்று வருடம் மசோதா அவர் மேசையில் கிடந்தது. மேலவை 1963-ல் மறுபடியும் 73-க்கு 12 என்று நிறைவேற்றி அனுப்பியது. அப்போதும் அசையவில்லை.

கடைசியில் பேரம் படிந்தது. அவர் கேட்டவற்றில் சில கசப்பானவை. 1983 டிசம்பர் 31 வரை காட்டுக்குள் புதிதாகச் சுரங்க உரிமை கோரலாம். ஏற்கெனவே மேய்கிற மந்தைகள் மேயலாம். தேவை என்று கருதினால் அதிபர் அணைக்கு அனுமதி தரலாம். பொது நிலச் சட்டங்களையெல்லாம் மறுபரிசீலனை செய்ய ஓர் ஆணையம் வேண்டும் (அதன் தலைவர் பதவியில் பிறகு அவரே உட்கார்ந்தார்). ஆனால் அவர் விடாப்பிடியாக நின்றது வேறொன்றில். மேலவையின் வரைவுப்படி, அதிபர் ஒரு காட்டைப் பரிந்துரைத்தால் நாடாளுமன்றம் மறுக்காதவரை அது சேர்ந்துவிடும். ஆஸ்பினால் தலைகீழாகக் கேட்டார். ஒவ்வொரு காட்டுக்கும் நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும். இயற்றாவிட்டால் சேராது. அப்படியானால் ஒவ்வொரு காடும் தன் குழு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஸானைசர் ஒப்புக்கொண்டார். இதயம் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. 1964 ஏப்ரல் கடைசியில் கீழவைக் குழுவின் முன் இறுதியாகச் சாட்சியம் சொன்னார். மே 5 அன்று தூக்கத்தில் இறந்தார். வயது 58.

ஜூலை 30 அன்று கீழவை 373-க்கு 1 என்று மசோதாவை நிறைவேற்றியது. இத்தனை வருடம் இழுத்ததற்கு இந்த எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும். செப்டம்பர் 3 அன்று வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் லின்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அன்றைய புகைப்படத்தில் கோட் சூட் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒருவர் ஸானைசரின் மனைவி ஆலிஸ். மற்றவர் மார்டி மியூரி; வில்டர்னஸ் சொசைட்டியை வழிநடத்திய அவர் கணவர் ஒலாஸ் முந்தின அக்டோபரில் இறந்திருந்தார். கையெழுத்திட்ட பேனாக்களில் ஆளுக்கு ஒன்றை அதிபர் கொடுத்தார்.

அன்று ஒரே நாளில் 13 மாநிலங்களில் 54 காடுகள், 91 லட்சம் ஏக்கர், சட்டத்துக்குள் வந்தன. கேரளத்தைவிடச் சற்றுச் சிறிய பரப்பு. எல்லாமே வனத்துறையின் கையிலிருந்த தேசியக் காடுகள். பூங்காக்களும் வனவிலங்குப் புகலிடங்களும் பத்தாண்டு ஆய்வுக்குப் பிறகு வரும் என்று விடப்பட்டன.

சரி, ஆஸ்பினாலின் பூட்டு என்ன ஆயிற்று? மொன்டானாவில் லிங்கன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர் சிசில் கார்லண்ட். ஊருக்கு வடக்கே இருந்த மலைக்காட்டில் சாலை போட்டு மரம் வெட்ட வனத்துறை திட்டம் வைத்திருந்தது. முன்பு மாதிரி இருந்தால் அதிகாரிக்கு மனு எழுதி, பதில் வராமல், கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பார். இப்போது ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்றால், சட்டம் இயற்றுகிறவர் தன் வாக்குக்காக வருகிறவர்தானே? கார்லண்டும் ஊராரும் வனத்துறையைச் சுற்றிக்கொண்டு நேராகத் தங்கள் பிரதிநிதிகளிடம் போனார்கள். 1972-ல் ஸ்கேப்கோட் காடு சட்டமானது, ஏறக்குறைய 2,40,000 ஏக்கர். வனத்துறை கேட்காமல் குடிமக்கள் கேட்டு வாங்கிய முதல் காடு அதுதான். அதே மாதிரி ஊர் ஊராகச் சங்கங்கள் முளைத்தன. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கடைக்காரர்களும் பல் டாக்டர்களும் எல்லைக்கோடு போடக் கற்றுக்கொண்டார்கள். ஒரு காட்டைச் சேர்க்கச் சட்டம் வேண்டும் என்றால், கழற்றவும் சட்டம் வேண்டும் என்பதும் மெல்லப் புரிந்தது. வனத்துறை கழற்றிக் கொடுத்த பிரெஞ்ச் பீட் 1978-ல் நாடாளுமன்றம் வழியாகத் திரும்பி வந்தது. பூட்டைப் போட்ட ஆஸ்பினால் 1972-ல் தன் கட்சிக்குள்ளேயே நடந்த தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போனார். இன்று அந்தச் சட்டத்தின் கீழ் 800-க்கும் மேற்பட்ட இடங்கள், 11 கோடி ஏக்கருக்கும் மேல் இருக்கின்றன. தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். பாதிக்கு மேல் அலாஸ்காவில்.

தாளில் இருக்கிற சட்டம் தரையில் எப்படித் தெரியும் என்று கேட்டால், ரம்பத்தைக் காட்டுவேன். இந்தக் காடுகளில் மோட்டார் கூடாது, சக்கர வண்டி கூடாது, சைக்கிளும் வண்டிதான். சாதாரண வேலைக்கு வனத்துறையே மெஷின் ரம்பத்தை எடுத்துவர முடியாது. மொன்டானாவின் பாப் மார்ஷல் காட்டில் பனி உருகியதும், குளிர்காலத்தில் பாதையின் குறுக்கே சாய்ந்த மரங்களை அகற்ற ஆட்கள் நடந்து போகிறார்கள். சாமான் கோவேறு கழுதையின் முதுகில். இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கிற நீள ரம்பம். இழுக்கலாம், தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு வளைந்துகொள்ளும். பாதி அறுத்ததும் மரம் தன் பாரத்தால் ரம்பத்தைக் கவ்வும், உடனே வெட்டுவாயில் ஆப்பு இறக்க வேண்டும். நல்ல ரம்பங்கள் பாட்டன் காலத்துச் சரக்கு, இன்றைய தகடு அந்தப் பதத்துக்கு வராது என்று இந்த வேலைக்காரர்கள் சொல்வார்கள். பல் தீட்டத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் ஆகிறது. வேட்டைக்கோ மீன் பிடிக்கவோ குதிரையில் வருகிறவர் இருந்தால், மரம் விலகும்வரை இறங்கி நின்று வேடிக்கை பார்க்கலாம்.

கிலாவைத் துண்டாக்கிய சாலை என்ன ஆனது என்று கேட்பீர்கள். மேற்குத் துண்டு 1964-ல் சட்டத்துக்குள் வந்தது. கிழக்கே இருந்த பிளாக் ரேஞ்ச் மலைப்பகுதி 1980-ல் வந்தது, ஆல்டோ லியோபோல்டின் பெயரில். நார்த் ஸ்டார் சாலை இன்றும் நடுவே ஓடுகிறது. மண்சாலை, மழை பெய்தால் ஜீப்புக்கே சிரமம். சட்டம் அதன் இரண்டு ஓரத்திலும் வந்து நிற்கிறது.

(அடுத்த இதழில்: அலாஸ்கா)